தம்பினிலிருந்து போன தண்டவாளம்

ஜப்பானில் 'செய்ச்சி ஜுன்ரெய்' என்று ஒரு சொல் உண்டு. நேராகச் சொன்னால் புனிதத்தல யாத்திரை. ஷிகோக்கு தீவின் 88 கோயில்களையும் சுற்றிவரும் நடைப்பயணம் மாதிரியான பழைய வழக்கங்களிலிருந்து வந்த சொல். இன்று அதை அதிகமாகப் புழங்குகிறவர்கள் மங்கா ரசிகர்கள். படக்கதையில் வரும் ஒரு தெரு, ஒரு படிக்கட்டு, ஒரு ரயில் கடவை நிஜத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி அதே கோணத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். காமகுராவில் கடலோரமாக ஓடும் சின்ன ரயிலின் கடவை ஒன்று, 1990-களில் வந்த 'ஸ்லாம் டங்க்' கூடைப்பந்துக் கதையின் தொலைக்காட்சித் தொடரில் சில விநாடிகள் வந்தது. அந்தச் சில விநாடிகளுக்காக இன்றும் தைவானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் நம்ம ஊரிலிருந்தும் ஆள் போகிறார்கள். கூட்டத்தைச் சமாளிக்க அங்கே காவலாள் வைக்கவேண்டிய நிலை.

வஷினோமியா என்ற சிற்றூர்க் கோயிலின் கதை இன்னும் வேடிக்கையானது. 'லக்கி ஸ்டார்' என்ற நான்கு கட்டப் படக்கதையில் வரும் கோயிலுக்கு அதுதான் மாதிரி. கதை 2007-ல் தொலைக்காட்சிக்கு வந்தது. அடுத்த புத்தாண்டில் அந்தக் கோயிலுக்கு வந்த கூட்டம் சுமார் 3 லட்சம். வேண்டுதல் பலகைகளில் கதாபாத்திரங்களின் படத்தை வரைந்து மாட்டினார்கள். ஊர்க்கடைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. அதே படத்தைப் போட்டுப் பண்டம் விற்றார்கள். சாகாய்மினாத்தோ என்ற மீன்பிடித் துறைமுகம், அங்கே வளர்ந்த மங்கா கலைஞர் மிசுக்கி ஷிகெருவின் பேய்களை வெண்கலத்தில் வார்த்து 1993 முதல் ஒரு தெரு முழுக்க நிறுத்தியிருக்கிறது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட சிலைகள். இந்த மிசுக்கி போர்க்காலத்தில் ரபவுல் முனையில் இடது கையை இழந்த சிப்பாய். அந்த அனுபவத்தை 1973-ல் ஒரு படக்கதையாகவும் வரைந்தார். யாத்திரைக்காரர்கள் வருவது பேய்த் தெருவுக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு 'ஜப்பான்காரனுக்கு வேற வேலை இல்ல' என்று சொல்லிவிட முடியாது. நாமும் செய்கிறவர்கள்தான். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதியபோது, ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் குந்தவையையும் பார்த்து வளர்ந்தவர்கள், அதன் பிறகு வீராணம் ஏரிக்கரையிலும் கோடிக்கரையிலும் போய் நின்றார்கள். திரைப்படம் வந்த பிறகு அது சுற்றுலாப் பொதியாகவே ஆகிவிட்டது. இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற மலேசியத் தமிழர்களும் தஞ்சாவூரோடு பழையாறையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். பேராக்கில் லாட்டின் 'கம்போங் பாய்' படக்கதை வாசகர்கள் பத்து காஜாவையும் ஈப்போவையும் தேடிப் போவதும் இதே வகைதான். ஒரு கதை முதலில் மண்ணுக்கு ஒரு பெயர் கொடுக்கிறது. ஆட்கள் பிறகு வருகிறார்கள்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு எந்தக் கதை ஆள் அனுப்பியது என்று பார்த்தால், ஆள் வரத்தான் செய்கிறார்கள். நம்முடைய கதைக்காக வருவதில்லை, அவ்வளவுதான்.

தம்பினிலிருந்து கிம்மாஸ் போகும் சடக்கில் கிம்மாஞ்சே ஆற்றுப் பாலம் இருக்கிறது. 1942 ஜனவரி 14 அன்று ஆஸ்திரேலியப் படையினர் அங்கே பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானியர்களைப் பாலத்தோடு வெடிவைத்துத் தாக்கினார்கள். அங்கே நினைவுச்சின்னம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து பேரன் பேத்திகள் வந்து மாலை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெலுபு பக்கம் தித்திக்கு அருகே ஜூ லுங் லுங் என்ற சீனர் கிராமம் இருந்தது. 1942 மார்ச் 18 அன்று ஜப்பானியப் படை அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரையே கொளுத்தியது. அதே மாதம் கோலாப் பிலா வட்டாரத்தின் பாரிட் திங்கியில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இந்த இடங்களுக்கு ஜப்பானியர்கள் வருகிறார்கள். தக்காஷிமா நொபுயோஷி என்ற ஆசிரியர் 1980-களிலிருந்து தம் நாட்டவரைக் குழுக்களாகக் கூட்டிவந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் சீனச் சமாதிகளின் முன்னால் நிறுத்தினார். வரலாற்றாய்வாளர் ஹயாஷி ஹிரோபுமி, ஜப்பானியப் படையின் சொந்தக் களக்குறிப்பேடுகளிலிருந்தே நெகிரி செம்பிலான் படுகொலைகளுக்கு ஆதாரம் எடுத்துக்கொடுத்தார். ஜப்பானிலிருந்து இந்தத் தோட்டப்புறங்களுக்கு வந்த உண்மையான யாத்திரை இதுதான். இதை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். தம் தாத்தாக்கள் செய்ததைப் பார்க்க காசு செலவழித்து வருகிற ஆட்கள் எந்த நாட்டிலும் குறைவு.

அவர்கள் வரும் பேருந்து தோட்டத்து லயங்களைத் தாண்டித்தான் போகிறது. லயத்தின் முன்னால் நிற்பதற்கு ஒரு கல் இல்லை. காரணம் எளிமையானது. சீனர்கள் கொல்லப்பட்டது இங்கே. அவர்களின் எலும்பு இங்கே கிடைத்தது. தமிழர்கள் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டு வேறோரிடத்தில் செத்தார்கள். 'சயாமுக்குப் போனவரு' என்பது தோட்டங்களில் ஒரு முழு வாழ்க்கை வரலாறு. அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர் அதில் வேலை செய்தார்கள். 12 ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். இறந்தவர்கள் 90 ஆயிரம் அளவில் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70 ஆயிரத்தைத் தாண்டுவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் தோட்டத்தில் கைவைத்தான் என்பதற்குப் பதில் தோட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. துரைமார்கள் 1941 கடைசியிலும் 1942 தொடக்கத்திலும் ஓடிவிட்டார்கள். ரப்பருக்கு ஏற்றுமதி இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஆனால் பெயர்ப்பட்டியல் இருந்தது. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கத் தெரிந்த கிராணியும் கங்காணியும் இருந்தார்கள். கம்பத்திலோ பட்டணத்திலோ ஆள் பிடிக்கவேண்டுமானால் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். தோட்டத்தில் 'இத்தனை ஆள் வேணும்' என்றால் போதும். காலனிய முதலாளி கூலிகளை எண்ணுவதற்காக உண்டாக்கி வைத்திருந்த ஒழுங்கை அடுத்து வந்தவன் அப்படியே எடுத்துக்கொண்டான். இந்தக் கதையில் ஜப்பானியனை மட்டும் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் ஆசை காட்டினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, குடும்பத்தோடும் வரலாம். போனவர்கள் திரும்பாததும் ஆள் சேரவில்லை. பிறகு பிடித்துப்போனார்கள். அதில் ஒரு உத்தி போர்க்காலக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது: இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றினார்கள். படம் பார்க்கப் போனவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சினிமா இந்தக் கதைக்குள் இன்னொரு முறை வரும்.

ஆளோடு தண்டவாளமும் போனது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905-ல் போட்ட கிளைப்பாதை ஒன்று இருந்தது, சுமார் 21 மைல். ஜப்பானியர் அதைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதிக்கும் அதே கதி. கிழக்குக்கரைப் பாதையைப் பிறகு திரும்பப் போட்டார்கள். மலாக்காவுக்கு இன்றுவரை ரயில் இல்லை. தம்பின் ஸ்டேஷனில் இறங்கி மலாக்காவுக்குப் பஸ் தேடுகிற ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும், தனக்குத் தெரியாமல், மரண ரயிலின் ஒரு விளைவை அனுபவித்துக்கொண்டிருக்கிறான். (அந்த ஸ்டேஷன் நிற்கும் புலாவ் செபாங் மலாக்கா எல்லைக்குள் இருக்கிறது, பெயர் மட்டும் நெகிரி செம்பிலானின் தம்பினுடையது என்பது தனி வேடிக்கை.)

மூடிய சரக்குப் பெட்டிகளில் நாலைந்து நாள் வடக்கே போய் பான்போங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. போர்க்கைதிகளுக்குச் சொந்தமாக அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். யார் எந்த நாள் இறந்தான் என்று ஒளித்துவைத்து எழுதிய நாட்குறிப்பு இருந்தது. கூலிகளுக்கு அந்த வரிசையில் ஒன்றும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது அவர்கள் முகாம்கள் ஈசல் மாதிரி விழுந்தன. நிலைமை கைமீறிய பிறகு கைதிகளிலிருந்து மருத்துவர்களைப் பிரித்து, கே படை, எல் படை என்று இரண்டு குழுக்களைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். இன்று நமக்குத் தமிழர் முகாம்களைப் பற்றிக் கிடைக்கும் விவரங்களில் கணிசமான பகுதி அந்த வெள்ளைக்கார டாக்டர்கள் எழுதியது.

பிறகு அந்த இடத்தை உலகமே போய்ப் பார்க்கும்படி ஆக்கிய கதை ஒன்று வந்தது. அதை எழுதியவர் பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். 1912-ல் பிறந்தவர், பொறியியல் படித்தவர். 1936-ல் மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார். நம் பேச்சில் சொன்னால், ஒரு துரை. தோட்டத்து அனுபவத்தை வைத்து 1951-ல் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். போரில் அவர் பிடிபட்டது இந்தோசீனாவில், அதுவும் சொந்த நாட்டுக்காரர்களான விஷி அரசின் ஆட்களிடம். மரண ரயில்பாதையில் அவர் ஒரு நாளும் வேலை செய்தவரில்லை. 1952-ல் 'குவாய் நதிப் பாலம்' நாவல் வந்தது. ரயில்பாதை குவாய் நோய் ஆற்றை ஒட்டிப் போகிறது என்பதால் பாலமும் அதன் மேல்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். உண்மைப் பாலம் தாமர்க்கானில் மே குளோங் ஆற்றின் மேல் நின்றது.

1957-ல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். ஏழு ஆஸ்கார். படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றில். படத்தில் பாலத்தைக் கட்டுகிறவர்கள் பிரிட்டிஷ் கைதிகள். அவர்களின் மானம், அவர்களின் கர்னலின் பிடிவாதம், அவர்களின் சீட்டிப்பாட்டு. பாதை போட்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அதில் இடமில்லை. மலாயாத் தோட்டத்தில் தினமும் விடியற்காலை தமிழர்களின் பெரட்டைப் பார்த்திருக்கக்கூடிய ஒருவர் தொடங்கி வைத்த கதை இது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

படம் பார்த்தவர்கள் தாய்லாந்துக்கு வந்து குவாய் நதிப் பாலம் எங்கே என்று கேட்டார்கள். அந்தப் பெயரில் பாலம் இல்லை. 1960-ல் தாய்லாந்துக்காரர்கள் மே குளோங்கின் மேற்பகுதிக்கு குவாய் யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கதையைத் திருத்துவதைவிட ஆற்றைத் திருத்துவது சுலபமாக இருந்திருக்கிறது! மங்கா ரசிகர்கள்கூட இதுவரை ஒரு ஆற்றின் பெயரை மாற்ற வைத்ததில்லை. இன்று காஞ்சனபுரியில் அந்த இரும்புப் பாலத்தின் மேல் ஆட்கள் நடந்துபோய்ப் படம் எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒலி-ஒளிக் காட்சியில் பாலத்தைப் பொய்யாக வெடிக்க வைக்கிறார்கள். கித்துல்கலையிலும் படத்துக்காகப் போட்ட பாலத்தின் அடித்தளத்தைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. சுற்றிலும் தோட்டப்புறம்தான் அங்கேயும்.

எஞ்சின்களுக்கும் யாத்திரை உண்டு. பாதைத் திறப்புவிழாவில் ஓடிய சி 56 வகை எஞ்சின் ஒன்று 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பி, இப்போது தோக்கியோவின் யாசுகுனி கோயிலை ஒட்டிய அருங்காட்சியகத்து முகப்பில் நிற்கிறது. அதே ஆண்டு தாய்லாந்திலிருந்து திரும்பிய இன்னொரு சி 56, ஓய்காவா மலைப்பாதையில் ஓடியது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, முகம் பொருத்தி, 'தாமஸ் டேங்க் எஞ்சின்' கதையில் வரும் ஜேம்ஸ் ஆக்கினார்கள். பிள்ளைகள் கையசைத்து வரவேற்கிறார்கள். பிள்ளைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போர்க்காலத் தாய்லாந்தைப் பார்த்த இரும்பு அது.

நம் பக்கம் கதையே எழுதப்படவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-ல் வந்தது. அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005-ல். கோ.புண்ணியவானின் 'கையறு' பின்னால் வந்தது. மலேசியத் தமிழ் நாவல்களில் இந்த ஒரு பொருள் அளவுக்குத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை குறைவு. ஆனால் இந்த நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் போய் நிற்கிற வாசகர் கூட்டம் உருவாகவில்லை. நாம் நாவலை வெளியீட்டு விழாவோடு முடித்துக்கொள்கிறோம். சால்வை போர்த்தியாச்சு, படம் எடுத்தாச்சு, கிளம்பியாச்சு.

காஞ்சனபுரிக்கு மலேசியத் தமிழர்கள் போகாமல் இல்லை. போர்க்கைதிகளின் மயானத்தில் கிட்டத்தட்ட 7 ஆயிரம் கல்லறைகள், வெட்டிய புல், பெரும்பாலானவற்றில் பெயர். நம்மவர்களுக்கு அந்த வரிசையில் கல் கிடையாது. 1990-ல் அந்த ஊர்க் கரும்புத் தோட்டம் ஒன்றில் தோண்டியபோது ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் நூற்றுக்கணக்கில் குவியலாக வெளிவந்தன. தாவோர்ன் வராராம் என்ற புத்த கோயிலில் பெயரில்லாதவர்களுக்கான கல்லறை ஒன்று இருக்கிறது. மலேசியத் தமிழ் ஆர்வலர்களின் நீண்ட முயற்சிக்குப் பிறகு 2023-ல் அங்கே ஒரு நடுகல் எழுந்தது. நடுகல் என்ற சொல்லைத் தேர்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. சங்க காலத்தில் ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு நட்ட கல். இவர்கள் எதையும் மீட்கப் போனவர்கள் இல்லை. மூன்று மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள். கல் அவர்களுக்கும் ஆகும்.

ஆனாலும் அது முடிந்த இடத்தில் நட்ட கல். புறப்பட்ட இடம் இங்கே இருக்கிறது. ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ், கிம்மாஞ்சே என்று எந்தப் பக்கம் போனாலும் 'எங்க தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு' என்கிற ஒரு வீடு உண்டு. பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் காலம் முழுக்க இருந்த பெண்களைப் பற்றிச் சொல்வார்கள். செத்த செய்தி வரவில்லை, காரியம் செய்யவில்லை. துயரம் முழுக்க நடந்தது லயத்து வாசலில். தாய்லாந்தில் நடந்தது சாவு மட்டும்.

அந்த லயங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியானது. சிரம்பானைச் சுற்றி நீலாய் வரைக்கும் தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. தோட்டத்தின் பெயர் சில இடங்களில் ஒரு மாரியம்மன் கோயில் பலகையிலும் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசல் வளைவிலும் மட்டும் மிச்சம். மங்கா ரசிகர்களின் ஒரு பழக்கத்தை நாம் கடன் வாங்கலாம். அவர்கள் அரசாங்கம் பலகை வைக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. பக்கத்தையும் இடத்தையும் ஒட்டிப் பார்த்து, வரைபடம் போட்டு, அடுத்தவனுக்குக் கொடுக்கிறார்கள். கூட்டம் வந்த பிறகுதான் ஊராட்சி பலகை வைக்கிறது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள் என்று ஒவ்வொரு தோட்டத்துப் பள்ளியும் தன் பக்கத்துக்குக் கேட்டு எழுதிவைத்தாலே வரைபடத்தின் தென்பாதி கிடைத்துவிடும். கேட்பதற்கு ஆள் இன்னும் இருக்கிறார்கள், எண்பது தொண்ணூறு வயதில்.

பயணம் ஒன்றும் கஷ்டமில்லை. தம்பின் ஸ்டேஷனில் இப்போது மின்சார ரயில் நிற்கிறது. வடக்கே பாடாங் பெசார் வரை தண்டவாளம் தொடர்கிறது. எல்லை தாண்டி பேங்காக் போகும் தாய்லாந்து ரயில்பாதையில்தான் பான்போங்கும் இருக்கிறது, 1943-ல் போன அதே தடம். அங்கிருந்து காஞ்சனபுரிக்கு உள்ளூர் வண்டி. பாலத்தைத் தாண்டி, பாறையை ஒட்டி மரத்தூண்களின் மேல் ஊர்ந்து, நாம் தோக் என்ற ஊர் வரை போகும். அதற்கு மேல் பாதையைப் போருக்குப் பிறகு பெயர்த்துவிட்டார்கள். காலரா வந்த முகாம்கள் பல அதற்கு மேல்தான் இருந்தன.